இரட்சணிய யாத்திரிகமும் சைவ தீக்கையும்

சிவமயம்

சைவ நூலாராய்ச்சிக்கென வெளிவரும் இவ்விதழில் ஒரு கிறிஸ்தவக் காப்பியத்தை எடுத்து ஆராய்தல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். பிறர் கொள்கையை அதன் வலிமை குன்றாதவாறு எடுத்துரைத்து, அதன்பின் தம் கொள்கையை நிறுவுதல் நம் சந்தானாசாரியர் மரபாகும். சிவஞானசித்தியாரின் பரபக்கமும், உமாபதி சிவனாரின் சங்கற்ப நிராகரணமும் இம்மரபிற்குச் சான்று. பிறர் நூலைப் படியாமலே மறுப்பதும், படியாமலே புகழ்வதும் அம்மரபின்பாற் படா. ஆதலின் இவ்வாராய்ச்சி பொருத்தமுடையதேயாம்.

இதனை எழுதப் புகுந்த காரணமும் கூறுவாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சதுரகிரியின் நிழலில் உள்ள கான்சாபுரத்தில் யாம் வதிகின்றோம். சின்னாட்களுக்கு முன் இரு வேறு அன்பர்கள் இருவேறு நாளில் எம்பால் வந்து ஒரே பொருள்மேல் முரண்பட உரைத்தனர். ஒருவர், “ஐயா, கிறிஸ்தவர் கூறும் ஞானஸ்நானமும் நம் தீக்கையும் ஒன்றே, பெயர் மாத்திரை வேறு” என்றார். மற்றவர், “தலையில் நீர் வார்ப்பதன்றி அவர்பால் வேறு யாதுளது? அதனை நம் தீக்கையோடு ஒரு வாயில் வைத்துப் பேசுதலும் குற்றம்” என்றார். இருவரும் சைவரே, இருவரும் சமய தீக்கை பெற்றவரே. முன்னவர் கூறியது ஆராயாத நட்பு. பின்னவர் கூறியது ஆராயாத பகை. இவ்விரண்டிற்கும் விடை காண்டற்கு உரிய தமிழ் நூல் ஒன்று உளது. அஃது எச். ஏ. கிருட்டிண பிள்ளையவர்கள் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் என்பது.

ஆசிரியர் வரலாறு

கிருட்டிண பிள்ளை 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணம் அவர்தம் இல்லத்தில் நாளும் ஒலித்த நூல். இலக்கண இலக்கியங்களை முறையே கற்று, 1853-இல் சாயர்புரத்திலிருந்த கிறிஸ்தவக் கலாசாலையில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். அவருக்கு முன்னரே அவர் இளவல் முத்தையா பிள்ளை கிறிஸ்தவம் புகுந்தனர். இவர் தம்முள் நெடிது போராடிப் பின் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர் தாங்கினார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்துள்ளார். 1900-இல் மறைந்தார்.

இற்றை நாளில் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்த எம் பகுதிக்கும் அவ்வாண்டு தொடர்புடைத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரையில் திருநெல்வேலிச் சில்லாவின் பகுதியாக இருந்தது. அந்நாளில் ‘வட திருநெல்வேலி’ எனப்பட்ட இப்பகுதியிற் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று தம் சமயத்தைப் போதித்த ராக்லாந்து என்னும் ஆங்கிலப் பாதிரியார் சிவகாசியில் உயிர்நீத்ததும் 1858-ஆம் ஆண்டிலேயே. எனவே இக்காப்பியத்தின் பின்னணி எங்கோ கடலுக்கப்பாற்பட்ட செய்தியன்று. நம் வாயிற்புறத்து நிகழ்ந்ததேயாம்.

ஈண்டு நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியாரிடத்து இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உழைத்தவர் நம் ஆறுமுக நாவலரவர்கள். கிறிஸ்தவ வேதத்தை அடி முதல் முடி வரை ஆய்ந்த அப்பெரியார் அதிற் புகவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854-இல் சைவதூஷண பரிகாரம் இயற்றினார். அதே பேர்சிவல் பின்னர்ச் சென்னைக்கு வந்து நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையிற் பணிபுரிந்தவர் கிருட்டிண பிள்ளை. அவரோ ஞானஸ்நானம் பெற்றார். ஒரு பாதிரியாரின் பக்கலில் அமர்ந்த இரு பெருந் தமிழ்ப் புலவர். நூலறிவில் இருவரும் வல்லர். சென்ற வழியோ வேறு. கல்வி மாத்திரையால் ஒருவன் ஒரு சமயத்திற் புகுவதுமில்லை, அதனின்று நீங்குவதுமில்லை என்பது இதனாற் பெறப்படும். இதனினும் வியப்பு ஒன்று: கிருட்டிண பிள்ளை பண்டிதராக இருந்த சாயர்புரக் கலாசாலையை நிறுவிய போப்பையரே திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டவர். நம் குடியிற் பிறந்தார் ஒருவர் அவர்தம் காப்பியத்தைத் தமிழிற் பாட, அவர்தம் குருவானவர் ஒருவர் நம் வாசகத்தில் உருகினார்.

மதம் மாறியவர் என்ற காரணத்தால் கிருட்டிண பிள்ளையை எள்ளுதல் சைவர்க்குத் தகாது. மருணீக்கியார் தருமசேனராய்ச் சமண் புகுந்து, பின் சைவத்திற்கு மீண்டு நாவுக்கரசரானவர். அவரைச் சமணர் எள்ளினர், நீற்றறையிலிட்டனர், நஞ்சூட்டினர், யானைமுன் விடுத்தனர், கல்லிற் பிணித்துக் கடலில் இட்டனர். தாம் மெய்யெனக் கண்டதன்பொருட்டுச் சுற்றமும் சிறப்பும் துறந்தானொருவனது துறவை மதித்து, அவன் கண்டது மெய்தானோ என்பதனைமட்டும் ஆராய்தலே நம் கடன்.

நூலின் இயல்பு

இரட்சணிய யாத்திரிகம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐம்பெரும் பருவங்களை உடையது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுட்களாலியன்றது. நற்போதகம் என்னும் கிறிஸ்தவ இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-இல் நூலுருப் பெற்றது. இதற்கு முதனூல் ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய மோட்சப் பயணக் கதையாகும். அதன் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. பனியன் கலங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் எளிய தொழிலாளர். அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660 முதற் பன்னீராண்டு சிறையிருந்தவர்.

அழியவிருக்கும் நகரொன்றில் வாழ்வானொருவன், முதுகில் நீக்கலாகாத சுமையோடு வருந்துகின்றான். வழிகாட்டுவானொருவன் சொற்கேட்டு நகர்விட்டு ஓடுகின்றான். இடுக்கவாயில் கடந்து, சிலுவை நின்ற மேட்டில் சுமை கழலப்பெற்று, மலையும் பள்ளமும் காடும் கடந்து, இறுதியில் ஓர் ஆற்றைத் தாண்டி விண்ணகர் புகுகின்றான். இதுவே கதை. இதனைக் கிருட்டிண பிள்ளை வெறுமனே மொழிபெயர்த்தாரல்லர். கிறிஸ்துவின் பாடுகளை விரித்து இடையிற் சேர்த்தார். கம்பர் நடையினைத் தழுவி விருத்தங்களால் யாத்தார். தேவாரம் என்ற பெயரால் இசைப்பாக்களையும் ஆங்காங்கு அமைத்தார். அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என உலகு வழங்குதல் காரணமின்றியன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியிற் பாடியது ஓர் அடியவர் சரிதம். இவர் பாடியது உயிரின் சரிதம். உயிர் கட்டுண்டு கிடந்ததும், அழைக்கப்பட்டதும், நடந்ததும், சேர்ந்ததும் ஆகிய நான்குமே சைவ சித்தாந்தத்தின் பொருளாகலின், இந்நூல் நம் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

அழைப்பு

முதற்கண் அழைப்பினை நோக்குவாம். அழிவூரில் வாழ்ந்தோன் தன்னிடத்தை உணர்ந்து வெளியேறும் இக்கதையைப் படிக்கும் சைவர்க்குச் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் நினைவிற்கு வாராது போகாது. அரசிளங்குமரன் வேடரிடைப் பட்டு, தன்னை வேடனென்றே கருதி வளர, அரசன் வந்து அவன் குலத்தை உணர்த்த, அவன் அவரை விட்டு நீங்கித் தந்தையோடு சேர்ந்தாற்போல, ஐம்புலன்களிடை வளர்ந்த உயிரைச் சிவபெருமான் குருவாகி வந்து உணர்த்தி மீட்கின்றான் என்பது அதன் கருத்து. இரு கதையிலும் உயிர் தன் வாழிடத்தைத் தன்னுடையதென மயங்கியிருந்தது. இரண்டிலும் வெளியினின்று ஒரு குரல் வந்தது. இரண்டிலும் கேட்டபின் இருத்தல் இயலாதாயிற்று.

எனினும் வேற்றுமை பெரிது. பனியன் கதையில் ஓடுவோனைச் செலுத்துவது அச்சம்; ஊர் எரியப்போகின்றது என்பதே அவன் கேட்ட சொல். மனைவியும் மக்களும் பின்னின்று கூவ, அவன் செவிகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். வேடரிடை வளர்ந்த குமரனுக்கோ, ‘நீ அழிவாய்’ என்பது சொல்லப்படவில்லை. ‘நீ என் மகன்’ என்பதே சொல்லப்பட்டது. அவன் ஓடுதற்குக் காரணம் அச்சமன்று, உரிமை. தடுத்தாட்கொண்ட புராணமும் இதனையே கூறும். புத்தூரில் மணப்பந்தரில் வந்த முதியவர் சுந்தரரிடம் காட்டியது ஆளோலை. அவ்வோலை புதியதோர் அடிமையை உண்டாக்கவில்லை. தொன்றுதொட்டுள்ள அடிமையை நினைப்பித்தது. திருப்பெருந்துறையில் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரைக் குருந்தடியில் ஆண்டுகொண்டதும் இவ்வாறே.

அற்றேல், கிறிஸ்தவர் கூறும் அழைப்பில் அன்பு இல்லையோ எனின், இல்லையென்பது எம் கருத்தன்று. சிலுவை மேட்டில் அவ்வன்பே பேசுகின்றது. ஆயின் அழைப்பின் முதற்குரல் எது என்பதில் இரு நெறியும் வேறுபடுகின்றன என்பதே யாம் கூற வந்தது. அழைப்பிற்குக் காலம் வரைதலிலும் வேற்றுமை உளது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிர்க்கே சத்திநிபாதம் நிகழுமென்றும், அதுவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுமென்றும் நம் நூல்கள் கூறும். ஒரு பிறவியிற் கேளாதது மறுபிறவியிற் கேட்கும். கிறிஸ்தவர்க்கோ பிறவி ஒன்றே. எனவே அவர்தம் அழைப்பில் விரைவு மிகும். செவியை அடைத்துக்கொண்டு ஓடும் அவ்வோட்டம் ஒரு பிறவிக் கொள்கையின் விளைவு என்றறிக.

சுமை கழலுதலும் தீக்கையும்

பனியன் நூலிற் சிலுவையின் முன்னிலையில் சுமை தானே கழன்று உருண்டு கீழேயிருந்த கல்லறையுட் புகுந்து மறைகின்றது. உடனே ஒளியுருவினர் மூவர் தோன்றுகின்றனர். ஒருவர் பாவம் மன்னிக்கப்பட்டது என்கின்றார். ஒருவர் கந்தை களைந்து புத்தாடை உடுத்துகின்றார். ஒருவர் நெற்றியிற் குறியிட்டு, முத்திரையுடைய சுருளொன்றைக் கையிற் கொடுத்து, விண்ணகர் வாயிலில் இதனைக் காட்டுக என்கின்றார்.

தீக்கை என்னும் சொல்லிற்கு நம்மவர் கூறும் பொருள், மலத்தைக் கெடுத்து ஞானத்தைக் கொடுப்பது என்பது. கெடுத்தலும் கொடுத்தலுமாகிய இவ்விரண்டும் மேற்கூறிய நிகழ்ச்சியில் அமைந்துள்ளன. நெற்றிக் குறியும், மந்திரமொத்த சுருளும் உள. ஒற்றுமை கூறிய அன்பர் இவற்றைக் கண்டே மயங்கினார் போலும்.

ஆயின் ஈண்டு ஒரு வினா: இக்காட்சியில் நீர் எங்கே? சுமை கழன்றவிடத்து முழுக்கு நிகழவில்லை. இது தற்செயலன்று. பனியன் முழுக்கு நெறியினரோடு சேர்ந்தவரே யாயினும், நீர்முழுக்கைப்பற்றிய கருத்து வேற்றுமை அடியார் ஒருங்கு கூடுதற்குத் தடையாகாது என்று 1673-இல் தனிநூலே எழுதியவர். அகத்தே நிகழும் விடுதலை வேறு, புறத்தே நிகழும் சடங்கு வேறு என்பது அவர் துணிபு. கிருட்டிண பிள்ளையோ ஞானஸ்நானத்தை அருட்சாதனமாகக் கொள்ளும் ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்தவர். அச்சடங்கின்பொருட்டே ஊரையும் உற்றாரையும் துறந்தவர். சடங்கிற்கு இரண்டாமிடம் தந்த ஒருவரது கதையை, சடங்கால் வாழ்வே மாறிய மற்றொருவர் காப்பியமாக்கினார். இந்நூலை ஆழ்ந்து படிப்பார்க்கு இம்முரண் புலப்படாமற்போகாது. ஞானஸ்நானம் என்பதில் வலிமை நீரின்பாலதோ, வார்ப்போன்பாலதோ, பெறுவோன் நம்பிக்கையின்பாலதோ என்னும் வினா கிறிஸ்தவருள்ளேயே தீர்ந்தபாடில்லை.

சொல்லையும் நோக்குக. முதன்மொழியாகிய கிரேக்கச் சொல்லின் பொருள் முழுகுதல், தோய்தல் என்பதே. தமிழில் அதனை ஞானஸ்நானம் என வழங்கியோர் ‘ஞானம்’ என்னும் அடையைச் சேர்த்தனர். அவ்வடை நம் மரபினின்று பெறப்பட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அச்சொல் நீக்கித் திருமுழுக்கு என்றே பெயர்த்துள்ளனர். முன்னைப் பெயர்ப்பிற் ‘சீஷர்’ எனப்பட்டோர் அதிற் ‘சீடர்’ ஆயினர். புதிய சொல் முதன்மொழிக்கு நெருங்கியது. பழைய சொல் தமிழன் நெஞ்சிற்கு நெருங்கியது. ஞானஸ்நானம் என்ற சொல்லைக் கேட்ட தமிழன், ஞானமும் ஞானகுருவும் அச்சடங்கில் உண்டு என எண்ணியே கேட்டான். நம் அன்பரது மயக்கத்திற்கு இச்சொல்லே பாதிக் காரணம்.

ஒன்றோ, வேறோ?

இனி இரண்டும் ஒன்றன்மையை மூவகையால் உணர்த்துவாம்.

முதலாவது, நீக்கப்படும் பொருள் வேறு. கிறிஸ்தவர் கூறும் மூலப்பாவம் ஆதிமனிதன் செயலால் வந்தது. வந்த நாள் உண்டு. ஆணவமோ செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல உயிரோடு அனாதியே உள்ளது. வந்த கறையைக் கழுவலாம். உடனுள்ள களிம்பை நீர் கழுவாது, இரசகுளிகையே மாற்றும். எனவே அவர் நீரையும் நாம் குருவின் அருள்நோக்கத்தையும் சிறப்பாகக் கூறுதல் அவரவர் கொள்கைக்கு இயைந்ததே.

இரண்டாவது, செய்வோன் வேறு. பனியன் கதையில் வழிகாட்டுவோன் சுட்டிக் காட்டி நீங்குவான், உயிரைத் தன்வயப்படுத்துவானல்லன். சைவத்திற் குருவைச் சிவமெனவே காண்டல் விதி. நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், அவுத்திரி எனத் தீக்கை எழுவகைப்படுதல், உயிர்களின் தரத்திற்கேற்ப இறைவன் குருவை அதிட்டித்து இயற்றலான் என்க.

மூன்றாவது, முறை வேறு. ஞானஸ்நானம் ஒருவற்கு ஒருமுறையே. மீளச் செய்தல் இல்லை. நம் தீக்கை சமயம், விசேடம், நிருவாணம் எனப் படிமுறையுடையது. நிருவாண தீக்கையிலேயே ஆறத்துவாக்களும் சோதிக்கப்படும்.

இவ்வளவு வேற்றுமை உளவாயின், இரண்டாமவர் கூறியாங்கு ஞானஸ்நானம் வெறும் நீர்வார்ப்புத்தானோ எனின், அற்றன்று. பனியன் கதையிற் சுமை கழன்றபின்னும் பயணிக்குத் துன்பம் ஒழியவில்லை. மலையேற்றமும், போரும், சிறையும் பின்னரே வருகின்றன. பாவம் மன்னிக்கப்பட்டவன் ஏன் இத்துணை வருந்தவேண்டும் என்பது கிறிஸ்தவரல்லாத வாசகர் பலர் வினவுவது. சைவன் இதற்கு எளிதில் விடையறிவான். தீக்கையிற் சஞ்சிதம் எரிக்கப்படும். பிராரத்தம் உடலூழாய் நின்று நுகரப்படும். ஆகாமியம் ஏறாமற் காத்தல் தீக்கை பெற்றவன் கடன். வினைக்கொள்கை இல்லாத அந்நூலிலும், விடுபட்டபின் நடத்தல் வேண்டும் என்னும் உண்மை மிகத் தெளிவாக உள்ளது. சடங்கு முடிந்த இடத்தில் சமயம் முடிந்துவிடவில்லை, தொடங்கிற்று என்பதனை அந்நூல் மறவாது கூறுகின்றது. நீர்வார்ப்பு என இகழ்ந்தவர் இதனை எண்ணினாரல்லர்.

பொறுப்பு

ஆங்கிலத் திருச்சபை முறைப்படி வளர்ந்தவர் ஞானஸ்நானம் பெறுங்கால், சபையார் முன்னிலையில் தீயோனையும் அவன் செயல்களையும், உலகின் வீண் ஆடம்பரத்தையும், ஊனின் இழிந்த வேட்கையையும் விட்டேன் என உரைத்தல் வேண்டும். விசுவாசப் பிரமாணத்தை ஏற்றல் வேண்டும். கட்டளைகளின்படி ஒழுகுவேன் என உறுதி கூறல் வேண்டும். இவ்வுறுதியின் கனத்தை அஞ்சியவர் பலர். உரோமப் பேரரசனாகிய கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தைப் போற்றி வளர்த்தும், 337-இல் இறக்குந் தறுவாயிலேயே ஞானஸ்நானம் பெற்றான். குழவிகட்குச் செய்யுங்கால் ஞானத்தாய் தந்தையர் அவ்வுறுதியைக் கூறுவர்; குழவி வளர்ந்தபின் திடப்படுத்தலில் அதனைத் தானே ஏற்கும். வாயால் உரையாத குழவிக்கு இது பொருந்தாது என்பர் முழுக்கு நெறியினர்.

இவ்வழக்கிற்கு நம் நூல்கள் முன்னரே விடை வகுத்துள்ளன. அவுத்திரி தீக்கை சபீசம், நிர்பீசம் என இருவகைப்படும். சமயாசாரங்களை வழுவாது ஆற்ற வல்லார்க்குச் சபீசம். பாலர், அறிவு முதிராதார், மூத்தோர், நோயுற்றோர் முதலிய ஆற்றமாட்டார்க்கு நிர்பீசம். அவர்க்கு அவ்வாசாரங்களைக் குருவே நீக்கியருளுவர். வேற்றுமை காண்க: அவர்பால் மாட்டாதவனது உறுதியைப் பிறனொருவன் தாங்குகின்றான், நம்பால் மாட்டாதவனுக்கு அச்சுமையே இல்லையாகின்றது. இரண்டாவதே கருணை மிக்கது என்பது எம் துணிபு.

ஆனால் இதனாற் பெருமை கொள்ளுமுன் ஒன்று கேட்டல் வேண்டும். ஆற்ற வல்லார்க்குச் சபீசம் என்றோமே, வல்லார் ஆற்றுகின்றனரோ? சமய தீக்கை பெற்ற நம்மவருட் பெரும்பாலோர் அன்றைத் திருநீற்றையும் ஐந்தெழுத்தையும் மறுநாள் வரை கூடக் காத்தாரல்லர். தீக்கையை நிகழ்ச்சியாகக் கருதுகின்றோம், உறுதியாகக் கருதுவதில்லை. வல்லாராய் இருந்துகொண்டே நிர்பீசத்தின் சலுகையை நாமே எடுத்துக்கொண்டோம்.

சாதி என்னும் இடத்தில் இரு சாராரும் ஒருங்கே தலைகுனிதற்கு உரியர். ஞானஸ்நானம் பெற்றாருள் வேற்றுமையில்லை என்று கிறிஸ்தவ வேதம் கூறியும், தமிழ்க் கிறிஸ்தவருட் சாதி நீங்கவில்லை. 1850-இற் சென்னையிற் கூடிய பாதிரிமார் சங்கத்தார் சாதிக்கு எதிராகத் தீர்மானம் செய்ய நேர்ந்தது. நம் ஆகமங்களோ தீக்கைக் கிரியைக்குள்ளேயே சாதியுத்தரணம் என்பதோர் அங்கத்தை வைத்துள்ளன. பழைய சாதி நீங்கிச் சிவசாதி எய்துதல் அதன் பொருள். தீக்கை முடித்து எழுந்தவன் பந்திக்கு வரும்போது அவன் சாதியை மீண்டும் வினவும் நாம், அவ்வங்கத்தை விளையாட்டாகச் செய்தோமாவோம். அவர் நீரும் நம் மந்திரமும் செய்ய வல்லதை மனிதர் செய்யவிடவில்லை.

காப்பியக் குறைநிறை

செய்யுள் நோக்கிற் சில கூறுவாம். கிறிஸ்துவின் பாடுகளைப் பாடுமிடத்துக் கிருட்டிண பிள்ளையின் நெஞ்சுருக்கம் வெளிப்படை. அங்கே புலமை பின்னிற்ப, பத்தி முன்வருகின்றது. பிறவிடங்களிற் குணங்களே மாந்தராக உலவுதலின், அவர் பேச்சில் உயிர் குறைகின்றது. பனியன் தம் ஊர்ச் சந்தையிலும் தெருவிலும் கேட்ட எளிய பேச்சால் அக்குறையை மறைத்தார். நம் புலவரோ வடசொற் செறிந்த உயர்நடையை மேற்கொண்டமையால், எளிய கிறிஸ்தவனுக்கு அந்நூல் எட்டாதாயிற்று. கற்றோர்க்கு மகிழ்ச்சி, பயணிக்கோ துணையில்லை. இஃது அவர் குறையாவதினும், கம்பரைப் பருகி வளர்ந்தார் எவர்க்கும் நேரும் தடை என்னலாம்.

‘தேவாரம்’ எனப் பெயரிட்டமையை நம்மவர் சிலர் வெறுப்பர். மூவர் முதலிகள் திருவாக்கிற்கே உரிய பெயரைப் பிறிதொரு சமயப் பாட்டிற்கு வழங்கியது முறையன்றென்பதே எம் கருத்தும். ஆயினும் பழைய சமயத்தை விட்டவர், பழைய பாட்டின் பெயரை விட்டாரில்லை என்பதையும் நோக்குக. ஆழ்வார் பாசுரமும் மூவர் தமிழும் ஊறிய நெஞ்சு, பிற தெய்வத்தை வாழ்த்தும்போதும் அந்நாவாலேயே வாழ்த்திற்று. அவர் பெற்ற முழுக்கு அவர்தம் தமிழைக் கழுவவில்லை. பத்தி செய்யும் முறையைத் தமிழர்க்குக் கற்பித்தவர் எவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

முடிவு

பனியன் நூலில் யாம் மறக்கலாகாத இடம் ஒன்றுண்டு. சுமை கழன்று சுருள் பெற்ற பயணி, மலையேறும் வழியில் இளைப்பாறுதற்கெனக் கட்டிய நிழற்குடிலில் அமர்கின்றான், உறங்கிவிடுகின்றான், சுருள் கைநழுவி வீழ்கின்றது. பிறர் எழுப்ப எழுந்து நெடுந்தூரம் ஏறியபின்னரே தன் கை வெறுங்கையாயிருத்தலை அறிகின்றான். வந்த வழியே அழுதுகொண்டு மீண்டு, தான் உறங்கிய இடத்தே அதனைக் கண்டெடுக்கின்றான். ஒருமுறை நடக்கவேண்டிய வழியை மும்முறை நடந்தேனே என வருந்துகின்றான்.

இவ்விடத்தைப் படித்தபோது யாம் நூலைக் கீழே வைத்தோம். இளமையில் மடத்திலிருந்து பயின்றபோது சமய தீக்கையும் விசேட தீக்கையும் பெற்றோம். பின் பள்ளிப் பணியேற்ற ஆண்டுகளில், காலையனுட்டானம் சுருங்கிற்று, மாலையனுட்டானம் ஒழிந்தது. சித்தியாரின் தீக்கைச் செய்யுட்களை மாணாக்கர்க்குப் பிழையறப் பொருள் விரித்த அதே மாலைகளில், அச்செய்யுட்கள் எம்மை விதித்ததனை யாம் செய்திலேம். ஓய்வு பெற்றுக் கான்சாபுரத்திற்கு மீண்டபின்னரே வெறுங்கையை உணர்ந்தோம். வந்த வழியே மீண்டு தேடுதற்கு எஞ்சிய காலம் போதுமோ என்பது திருவருளுக்கே வெளிச்சம். இதனை எமக்கு உணர்த்தியது ஓர் அயற்சமயக் கதை என்பதனைக் கூற யாம் நாணவில்லை. உணர்த்தவேண்டிய நம் நூல்கள் எம் நாவில் இருந்தும் கையில் இல்லாமற் போயின என்பதற்கே நாணுகின்றோம்.

ஆகவே ஒன்றென்ற அன்பர்க்கு எம் விடை: ஒன்றல்ல, மலமும், குருவும், முறையும் வேறாதலின் இரண்டையும் ஒன்றாக்குதல் இரண்டிற்கும் இழுக்கு. வெறும் நீரென்ற அன்பர்க்கு எம் விடை: அந்நீரைப் பெறுதற்கு ஒருவர் கொடுத்த விலையை எண்ணுக; பின்னர் நாம் பெற்ற தீக்கைக்கு நாம் கொடுத்த விலையையும் எண்ணுக. நம் தீக்கை உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அவ்வுயர்வு ஆகமத்தில் மாத்திரம் இருந்தாற் போதாது. காலையும் மாலையும் நீறணிந்து ஐந்தெழுத்தை எண்ணும் நம் ஒழுக்கத்திலும் இருத்தல் வேண்டும். அன்பர்கள் இன்றைய அந்திப்பொழுதிலேயே அதனைத் தொடங்குவாராக.

திருச்சிற்றம்பலம்.